மூக்கு நுனியில் ஒரு பொட்டு

1. திரும்பி வந்த மூக்குகள்

அனுப்பிய மூக்குகள் எல்லாம் திரும்பி வந்த அன்று பரமண்ணை மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி கூடும்.

மூக்கு என்று நாங்கள் சொல்வது ரேடோம். விமானத்தின் முன்நுனியில் ரேடாரை மூடியிருக்கும் கவசம். ரேடார் அலை அதற்குள்ளால் போய்வர வேண்டும் என்பதால் உலோகம் கூடாது. பைபர் துணியையும் ரெசினையும் அடுக்கடுக்காக மோல்டில், அதாவது அச்சில், படிய வைத்துச் செய்வது. யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் பைபர் படகு கட்டிக்கொண்டிருந்த பரமண்ணைக்கு இந்த வேலை வந்தது தற்செயல்தான். வெளிநாட்டில் ஒரு விமானக் கொம்பனியில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். புதுப் படகொன்றைத் தடவிவிட்டு, "அண்ணை, இவ்வளவு வடிவா அடிக்கிறியள், பிளேனுக்கு ஒரு சாமான் செய்து தருவியளோ?" என்று கேட்டார். அளவும் கேட்காமல், விலையும் கேட்காமல் பரமண்ணை "ஓம்" என்றுவிட்டார்.

சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் ஓடிய ஆட்கள் நாங்கள். அந்தக் கொம்பனி படைகளுக்கும் விற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டறைக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வேலையை விட்டுப் போய்விட்டாள். கடைசியில் பரமண்ணை, "கடலில காணாமல் போன ஆக்களைத் தேடுற பிளேனுக்கு மட்டும்தான் செய்வம். வேற எதுவும் ஏலாது" என்று அவர்களுக்கு எழுதினார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் போன பிள்ளை திரும்பி வரவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் அங்கே தரப் பரிசோதகர். அதற்கு முன் கொழும்புப் பக்கம் வர்த்தக வலயத்தில், ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தேன். தங்கியது போடிங் என்கிற வாடகை விடுதியில், அறை ஒன்றுக்குள் ஆறு பேர். குளிக்க வரிசை, சமைக்க வரிசை, வீட்டுக்குப் போன் கதைத்து அழுவதற்கும் வரிசை. பரமண்ணை வேலை தந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலணைக்கு வந்தேன். இனிச் செத்தாலும் அந்த அறைக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். மூக்குகள் திரும்பி வந்தபோது எனக்கு வந்த பயம் அதுதான். இந்த வேலை போனால் எனக்கு மறுபடியும் போடிங்தான்.

திரும்பிய மூக்குகள் எல்லாவற்றிலும் ஒரே பிழை. சரியாக நுனியில், பெருவிரல் அளவுக்குப் பெயின்ற் கொப்பளித்திருந்தது. மோல்டைப் பார்த்தோம், ரெசினைப் பார்த்தோம், பெயின்ற் அடிக்கிற காற்றைப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் காலையில் வேளைக்கே வந்து பெயின்ற் அறைக்குள் நின்றேன். பரமண்ணை குளித்து, திருநீறு பூசி, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். பெயின்ற் அடிக்கக் காத்திருந்த மூக்கு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு தோளில் கிடந்த துவாயால் பொட்டை வடிவாகத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"அண்ணை! என்ன செய்யிறியள்?"

மனிதர் திடுக்கிட்டுப் போனார். "ஏன், படகுக்கு அணியத்தில வைக்கிறேல்லையே? இதுகும் முன்னுக்குப் போறதுதானே."

"கிண்ணத்துக்குள்ள என்ன?"

"சந்தனமும் குங்குமமும். குழைக்க ரண்டு சொட்டு நல்லெண்ணெய்."

நல்லெண்ணெய்! நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ற் எப்படிப் பிடிக்கும்?

2. "மீ"

காரணத்தை விளக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஹெலன் என்று ஒரு எஞ்சினியர்.

"என்ன சொல்லப்போறீர்?" என்று பரமண்ணை கேட்டார்.

"நடந்ததைச் சொல்லப்போறன்."

"உமக்கென்ன விசரே? சந்தனம் எண்டால் வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பினம். ஆரோ பெடியள் துடைக்க மறந்திட்டாங்கள் எண்டு சொல்லும்."

"எந்தப் பெடியன் எண்டு கேட்டால் ஆரைக் காட்டுறது? இவ்வளவு நாளும் தங்களில பிழையோ எண்டு அதுகள் நித்திரை இல்லாமல் திரியுதுகள்."

அவர் கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டு இருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சந்தனம், குங்குமம், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெலன் சிரிக்கவில்லை. யார் வைத்தது என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்ல முன்னம் பரமண்ணை என் தோளுக்கு மேலால் கமராவுக்குள் தலையை நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"மீ," என்றார்.

அதன்பிறகுதான் ஹெலன் சிரித்தார். பொட்டு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்புகிற மரப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பரமண்ணைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பைபர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சூசையண்ணை கரம்பொன் ஆள், வேதக்காரர். அன்றைக்கு முழுக்கப் பரமண்ணையை விடவே இல்லை. "நானும்தான் ஒவ்வொரு மூக்குக்கும் சிலுவை போட்டனான். காத்திலதானே போட்டனான், ஒட்டாது. என்னட்டைக் கேட்டுச் செய்திருக்கலாமே, பரமு?"

3. வாங்க வந்தவர்கள்

அதற்குப் பிறகு எங்கள் மூக்குகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஓர்டர் ஏறிக்கொண்டே போனது. படகு கட்டுவதை விட்டோம். வால் பகுதி மூடிகள், அன்ரனாக் கவசங்கள் என்று வேலை கூடி, பட்டறை தொழிற்சாலையானது. ரெசினைச் சூட்டில் இறுக வைக்கும் பெரிய அவண், அளவெடுக்கும் மெசின் எல்லாம் பரமண்ணையின் சக்திக்கு எட்டாத சாமான்கள். அவருக்கு நெஞ்சு நோவும் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அந்த விமானக் கொம்பனி எங்களையே வாங்கக் கேட்டது.

பேச வந்தவர்களில் ஹெலனும் இருந்தார். இப்போது அவர் பெரிய பதவியில். கூடவே கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர். நல்ல மனிதர்தான், சொன்னதும் பொய் இல்லை.

"இங்க உப்புக் காத்து. ரோட்டும் சரியில்ல. மோல்டுகள லொறியில ஏத்தி வலயத்துக்குக் கொண்டுபோனா கெதியா ஆரம்பிச்சிடலாம். வாற ஆட்களுக்கு ஹொஸ்டல் குடுக்கலாம்."

"மலர், நீர் வாயைத் திறவாதையும்," என்று பரமண்ணை முதலே கெஞ்சியிருந்தார். "இது குழம்பினால் இன்னொருத்தன் வாங்க வரமாட்டான். பேந்து பட்டறையை இழுத்து மூடத்தான் வேணும்." நானும் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஹொஸ்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிப் போய்ப் பட்டறைக் கதவை அகலத் திறந்தேன்.

"பிள்ளையள், எல்லாரும் வேலையை நிப்பாட்டுங்கோ! கொம்பனி கொழும்புப் பக்கம் போகப்போகுதாம். அங்கை ஹொஸ்டலில இருந்து வேலை செய்ய வாறவை கையைத் தூக்குங்கோ!"

ஒரு கைகூட எழும்பவில்லை. அவண் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு மூலையில் சூசையண்ணை கையைத் தூக்கினார். இவருமா!

"நான் வரமாட்டன்," என்றார் அவர். "மீற்றிங் முடிஞ்சுதோ எண்டு கேட்கத் தூக்கினனான். ரெசின் இறுகுது."

பட்டறையே சிரித்தது. நான் மொழிபெயர்த்துச் சொல்ல ஹெலனும் சிரித்தார். ஆலோசகர், புது ஆட்களைப் பழக்கலாமே என்றார். அது நியாயமான கேள்வி. அதற்கு ஹெலன் சொன்னது இதுதான்: எத்தனையோ தொழிற்சாலைகளில் பிழை நடந்து தான் விசாரித்ததாம். காரணம் கேட்டால் எப்போதும் தொழிலாளியின் கவனயீனம் என்றுதான் பதில் வருமாம். முதலாளி செய்த பிழை என்று பரிசோதகர் சொல்ல, முதலாளியே கையை உயர்த்திய இடம் இது ஒன்றுதானாம். அதற்காகத்தான் இந்த இடத்தை வாங்கச் சொல்லித் தான் சிபாரிசு செய்ததாம். இந்த ஆட்கள் இல்லாமல் மோல்டுகள் மட்டும் தங்களுக்குத் தேவையில்லையாம்.

தொழிற்சாலை வேலணையிலேயே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, எல்லோருடைய வேலையையும் உறுதிப்படுத்தித்தான் கையெழுத்தானது. உப்புக் காற்றுப் புகாதபடி அடைத்த அறைகளோடு, பக்கத்துக் காணியில் புதுக் கட்டடம் எழும்பியது. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்த பரமண்ணை என்னைப் பார்த்து, "உம்மட வாய்க்குப் பூட்டுப் போடவேணும்" என்றார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன். சந்தோசத்தில் அப்படி அழுதது என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

4. கடைசி வள்ளம்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விசயம். பிழை நடந்தால் செய்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது முதலாளியாக இருந்தாலும். உங்களுக்கு ஏலாத ஒன்றை ஏலாது என்று நேரத்தோடு சொல்லுங்கள். சொன்னதால் நாங்கள் கெட்டுப்போகவில்லை.

புதுக் கட்டடத்துக்கு ஆள் எடுத்தபோது வலயத்திலிருந்து பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். நேர்முகத்துக்கு நயினாதீவுப் பிள்ளை ஒன்று கொழும்பு பஸ்ஸால் இறங்கிப் பையோடு நேரே வந்து நின்றது.

"அங்கை சம்பளம் காணாதோ?" என்று கேட்டேன்.

"காணும், அக்கா."

"பின்னை ஏன் விடப்போறீர்?"

அது தலையைக் குனிந்துகொண்டு, "இஞ்சை வேலை முடிய ஒவ்வொரு நாளும் வீட்டை போகலாமாம். உண்மையே, அக்கா?" என்று கேட்டது.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஒரு பிள்ளை வந்திருக்கிறது!

"நயினாதீவுக்குக் கடைசி வள்ளம் எத்தினை மணிக்கு?"

சொன்னது. எங்கள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தை அன்றைக்கே முன்னுக்கு இழுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.