டயலில் காட்டிய அன்பு

மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். என்னைப் பார்த்தாலே ஊரில் பலருக்குக் கொட்டாவி வரும். தொழில் ராசி என்று பெருமைப்படுவேன். "ராசியுமில்ல, ஒண்ணுமில்ல. ஒங்க பேச்சு அப்பிடி" என்பாள் மனைவி.

கல்யாணமான புதிதில் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்கம் கொடுத்தவன் நான்தான். அவளுக்கு இம்மி வலியும் தெரியக்கூடாது என்ற பாசத்தில், மூச்சோடு உள்ளே போகும் மயக்க கேஸின் டயலைத் தாராளமாகத் திருகி வைத்தேன். தையல் போட்டவர் வீட்டுக்குப் போய், மீன் குழம்பு சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகுதான் அவள் கண் திறந்தாள். அப்புறம் இரண்டு நாள் வாந்தி.

போன வருடம் அதே தழும்பில் குடலிறக்கம்; மறுபடி ஆபரேஷன். அன்று முக்கி முக்கி வாந்தியெடுத்ததன் பலன்தான் இது என்பது அவள் தீர்ப்பு. அப்பீலுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. இந்த முறையும் ஓங்கரித்தால் புதுத் தையல் விட்டுப்போகலாம். இருவருக்கும் அதுதான் பயம்.

"ஆபரேஷன் முடியதுவர ஒங்க கை என் மேல படப்பிடாது, கேட்டியளா?"

ஆகவே பொறுப்பு எங்கள் ஆஸ்பத்திரியின் இன்னொரு மயக்க மருத்துவரிடம் போனது. முட்டத்துக்காரி; அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வீட்டுக்கே வந்து விளக்கினாள். கேஸை மட்டும் நம்பினால் நிறைய வேண்டும், குமட்டலும் கூடும். வயிற்றுத் தசையில் ஒரு மரப்பு ஊசி, சின்ன அளவில் கெட்டமின், சொட்டுச் சொட்டாக லிக்னோகெய்ன், கொஞ்சம் மெக்னீசியம் என்று வலியடக்கும் மருந்துகளைத் துணைக்குச் சேர்த்தால் கேஸைப் பாதியாகக் குறைக்கலாம்.

"அவியல் மாதிரி" என்றாள் மனைவி. "எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம். இவரு அண்ணைக்கு எனக்கு முழுச் சேனையையும் அவிச்சுத் தந்திட்டாரு."

இத்தனைக்கும் இதே அவியலைப் பற்றி சக மருத்துவர்களிடம் வருடக்கணக்காகப் பிரசங்கம் செய்பவன் நான்.

ஆபரேஷன் அன்று என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு சும்மா எட்டிப் பார்த்தேன். வயிற்றில் கத்தி வைத்தாயிற்று. டயலோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. இவள் விழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிடக்கிறாளோ? கை தானாக டயலுக்குப் போனது. கை மேல் முட்டத்துக்காரியின் பேனா சுளீரென்று விழுந்தது.

"சார், கைய எடுங்க."

"ரொம்பக் கம்மியா இருக்கே மக்ளே!"

"மானிட்டரப் பாருங்க. நாடி, பிரஷர், நெத்தியில ஒட்டுன, தூக்கத்த அளக்குக பட்டை, எல்லாம் ஒழுங்கா காட்டுகு. ஞாயிற்றுக்கிழம பிரசங்கத்துல தூங்குகத விட அக்கா நல்லா தூங்குகாவ. கேஸக் கூட்டுனா வாந்தி கூடும்னு எங்க காதுல ஓட்டை போட்டது ஆரு?"

"நாந்தான்."

"அப்பம் வெளிய போங்க."

சர்ஜன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "போகல்லேன்னா அவருக்கும் ஒரு ஊசி போடு. மருந்து மிச்சம் கெடக்குல்லா."

காலையிலிருந்து அவள் பட்டினி என்பதால் நானும் பட்டினி. வெளியே வந்த படபடப்பில் எதிர்க் கடையில் பால் விடாத இரண்டு கட்டஞ்சாயாவும் மூன்று ரசவடையும் உள்ளே போயின. திரும்பி வந்தால், மனைவி வார்டில் கண் திறந்து கிடக்கிறாள். தலைமாட்டில் வாந்திக்கென்று ஒரு தட்டு தயாராக இருந்தது.

"அக்கா, குமட்டுகா?" என்றாள் பக்கத்தில் நின்ற முட்டத்துக்காரி.

"இல்ல மக்ளே. பசிக்கு. இவரு உள்ள வந்தாரா?"

"வந்தாரு. டயலத் திருகப் பாத்தாரு. வெரட்டி விட்டேன்."

"சிரிக்க வைக்காத, தையல் வலிக்கு" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாந்தி இல்லை. ஓங்கரிப்புகூட இல்லை. எனக்குள் காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. கூடவே மூன்று ரசவடையும் மேலே வந்தன. தலைமாட்டுத் தட்டை எட்டி எடுத்தேன்.

அவள் ஒரு கையால் தையலை அமுக்கிக்கொண்டு, மறு கையை நீட்டி என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"மக்ளே" என்றாள் முட்டத்துக்காரியிடம், "இந்தாளுக்கு எவன் மயக்கம் குடுத்தான்?"