வானியல் படிப்பும் அப்பாவின் நிரந்தர முகவரியும்

எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் அப்பாவுக்குத் தற்போதைய முகவரி என்ற இடத்தில் ஒரு தயக்கம் வரும். தில்லியில் எங்கள் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லிக் கிட்வாய் நகருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னலுக்குத் திரை தைப்பதற்குள் வேறு பிளாக் கொடுத்தார்கள். அதனால் வீட்டு எண்ணை அம்மாவிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டுதான் எழுதுவார். நிரந்தர முகவரி என்று வந்துவிட்டால் மட்டும் யாரையும் கேட்க மாட்டார். தென்காசியில் ஒரு தெரு, கதவு எண், பின்கோடு எல்லாம் மூச்சு விடாமல் வரும்.

குவார்ட்டர்ஸில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். அரசாங்கம் கொடுத்த வீட்டை ரிட்டயர்மெண்டில் அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொள்ளும். அதை எப்படி நிரந்தரம் என்று எழுதுவது? ஆகவே பேங்கு பாஸ்புக், கேஸ் கனெக்‌ஷன், என் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தென்காசி வீடுதான். அங்கே நான் தங்கிய நாட்களையெல்லாம் சேர்த்தால் ஒரு கோடை விடுமுறைகூடத் தேறாது. தாத்தா கட்டிய வீடு. அவர் போன பிறகு பெரியப்பா அதை இடித்து மாடி வைத்துக் கட்டினார். பாகம் பிரிக்கவில்லை. "நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே" என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி.

எனக்கு வானியலில் ஆசை வந்ததற்குத் தில்லி வானம் காரணமில்லை. குளிர்காலத்தில் எதிர் பிளாக்கே தெரியாத ஊர் இது. லோதி ரோட்டில் இருந்த என் பள்ளியிலிருந்து ஒரு முறை கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். விளக்கை அணைத்ததும் பையன்கள் விசிலடித்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, இது காட்டுவதற்காகப் போட்ட வானம், உண்மையான வானத்தை யாரோ எங்கேயோ உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள் என்று யோசித்தேன். அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தேட ஆரம்பித்தேன். நம் நாட்டில் நேராக வானியல் பட்டம் கொடுக்கும் இடங்கள் குறைவு, முதலில் இயற்பியல் படித்துவிட்டு முதுகலையில் வானியலுக்குப் போவதுதான் வழக்கமான பாதை என்று புரிந்தது. பஸ் பாஸிலேயே போய்வரக்கூடிய கல்லூரி ஒன்றில் இயற்பியல் சேர்ந்தேன். கட்டணமும் குறைவு, வாத்தியார்களும் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள். அந்த மூன்று வருடத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

முதுகலைக்குத் தேடும்போதுதான் கல்வி என்பது எத்தனை பெரிய கடைத்தெரு என்று கண்டேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசி வளர்ந்தவள் நான், சுலபத்தில் ஏமாற மாட்டேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மாலை வெயிலில் பளபளக்கும் தொலைநோக்கி இருந்தது. போன் செய்து, இது உங்களுடையதா என்று கேட்டேன். "மேடம், ஃபோட்டோ சும்மா புரிஞ்சுக்கறதுக்காகப் போட்டிருக்கு" என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள். இன்னொரு இடத்தில் முழுக் கட்டணச் சலுகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் பருவத்துக்கு மட்டும் என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது. தமிழ்நாட்டு உதவித்தொகை ஒன்றுக்கு எழுதினால், நீ அங்கே பள்ளிப் படிப்பு முடித்தவள் இல்லையே என்றார்கள். தில்லியில் ஒரு டிரஸ்டில் கேட்டால், சான்றிதழில் சொந்த ஊர் தெற்கே இருக்கிறதே, அங்கே கேளுங்கள் என்றார்கள். நான் எந்த ஊர்க்காரி என்பதை யாராவது கூடிப் பேசி முடிவு செய்தால் தேவலை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் ஓர் இடம் அகப்பட்டது. வேறு மாநிலத்தில் பழைய, சிறிய பல்கலைக்கழகம். இணையதளம் பார்க்கச் சகிக்காது. ஆனால் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருந்தார்கள், மாணவர்களைத் தொட விட்டார்கள். நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரு பேராசிரியர் தானே பதில் எழுதினார். அங்கே படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர்களின் பெயர்களைக் கேட்டேன், அதையும் அனுப்பினார். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை படிப்பு முடியும்வரை கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்கும். அப்பா ரிட்டயர்மெண்டை நெருங்கிக்கொண்டிருந்த எழுத்தர். அம்மாவின் ஆபரேஷனுக்கு எடுத்த கடனை இன்னும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உதவி கிடைத்தால் வானியல், இல்லாவிட்டால் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார் வேலை. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நுழைவுத் தேர்வில் தேறினேன். வீடியோவில் நேர்முகமும் நன்றாக நடந்தது. உதவிக்கான விண்ணப்பத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நிரந்தர முகவரி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தென்காசியை ஒப்பித்தார். வீட்டுக்கு ஆள் வந்து குடும்ப நிலையை விசாரிப்போம் என்று கீழே எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆளுக்காகக் காத்திருந்தோம். வீடு சுத்தமாக இருக்க வேண்டுமா, ஏழ்மையாக இருக்க வேண்டுமா என்று அம்மாவுக்குக் குழப்பம். புது ஃபிரிட்ஜின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போடுவாள், வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று எடுத்துவிடுவாள். யாரும் வரவில்லை. பதிலாகப் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, பிள்ளை காலேஜ்லருந்து ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். மதியம் சாப்பிடாம போவக்கூடாதுன்னுட்டேன். வீட்டை மேல வரைக்கும் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். இது எங்க ரெண்டு பேருக்கும் பொது, தம்பி டெல்லில கவர்மெண்டுல இருக்கான்னு சொல்லிட்டேன். நம்ம குடும்பத்தை ஒருத்தன் எளப்பமா நெனைச்சிரப்படாதுலா."

பெண்ணைப் பற்றி ஒருவர் விசாரிக்க வந்தால் குடும்பத்தை உயர்த்திச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. கௌரவமான குடும்பம் என்று தெரிந்தால்தானே சீட் கொடுப்பான் என்று நினைத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அப்பா மெதுவாக, "சரிண்ணே, நல்லது" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. குடும்பத்துக்குப் பூர்வீகச் சொத்தாக மாடி வீடு இருப்பதால் உதவி வழங்க இயலாது. அந்த வீட்டில் தந்தைக்குப் பங்கில்லை என்று பதிவான ஆவணம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பலாம். அதுவரை இடம் காத்திருக்கும்.

ஆவணம் என்று ஒன்றும் கிடையாது. வாய்வார்த்தையை ஸ்கேன் செய்து அனுப்ப முடியாது. சட்டப்படி அந்த வீட்டில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது. இல்லை என்று காட்ட வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டு, உண்மையிலேயே இல்லாமல் ஆக்கிக்கொள்ள வேண்டும். அப்பா அந்த மின்னஞ்சலை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். நானும் போனேன்.

பெரியப்பா முதலில் அப்பா பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தார். இல்லை, எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"ஏலே, நான் கேட்டனா ஒங்கிட்ட?" என்றார். "வெட்டிக்கிட்டுப் போறதுக்கு அவ்வளவு அவசரமா?"

"வெட்டிக்கிட இல்லண்ணே. பிள்ளை படிப்புக்கு."

"அப்பம் ஆவணி பொறக்கட்டும். ஆடியில எவனாவது பத்திரம் போடுவானா? அதுவும் அண்ணன் தம்பி நடுவுல? குடும்பத்துக்கு ஆவுமா?"

ஆவணி பிறப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அப்பா அதைச் சொன்னார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. வந்தவரிடம் தானே மறுபடி பேசுவதாகச் சொன்னார். பிள்ளையைத் தென்காசியிலேயே ஏதாவது கல்லூரியில் சேர்க்கலாம் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன். அண்ணன் சொல்லை அவர் மீறி நான் பார்த்ததில்லை. டியூஷன் சென்டரில் கரும்பலகையை அழித்துக்கொண்டு நிற்பதுபோல் என்னைக் கற்பனைகூடச் செய்துகொண்டேன்.

"நாளைக்கே போட்டுருவோம்ணே" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. ஆனால் அண்ணனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆடி மாதம் என்பதால் கூட்டமே இல்லை. அப்பாவையும் பெரியப்பாவையும் போட்டோ எடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவரும் காத்திருக்கவில்லை, நினைத்துப் பார்க்க நேரமில்லாமல் வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் பெரியப்பா தன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அப்பா ஏறுவார் என்று நான் நினைத்தேன். பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எங்கள் பைகள் அவர் வீட்டில் இருந்தன. சாயங்காலம் பெரியம்மா ஓர் ஆட்டோவில் அவற்றை ரயில் நிலையத்துக்குக் கொடுத்து அனுப்பினாள், கூடவே சாப்பாடும்.

உதவி கிடைத்தது. இடமும் கிடைத்தது. தொலைநோக்கியை முதல் முறை தொட்ட அன்று அப்பாவுக்கு போன் செய்து அழுதேன், சந்தோஷத்தில்தான். "அச்சா, அச்சா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் அம்மா, "என்னாச்சு, ஜல்தி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிப்பு நான் தேடியதைவிட நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவள் ஆவேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. அப்பா பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வார். பெரியம்மா எடுப்பாள். "அவுக வெளிய போயிருக்காவ" என்பாள். பின்னால் டி.வி. சத்தத்துக்கு நடுவே பெரியப்பாவின் இருமல் கேட்கும். அப்பா, "சரி மதினி, அப்புறமாப் பேசுதேன்" என்பார். அப்படியே இருக்கும்போது ஒரு நாள் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்பா தனியாக ஊருக்குப் போனார். காரியமெல்லாம் முடியும்வரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். பெரியம்மா எவ்வளவோ கூப்பிட்டும் ரயிலுக்கு இதுதான் வசதி என்று சொல்லிவிட்டாராம். அம்மா இதை போனில் சொன்னாள். தான் பிறந்த இடத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ரூம் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறும் அப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இடம் கிடைத்துவிட்டால் வீட்டிலிருந்து பணம் வர வேண்டாம். அப்பா ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, தில்லியின் ஓரத்தில் வாடகைக்கு இருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் மாற்ற வேண்டும். விடுதி அறையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி அவருக்கு போன் செய்தேன்.

"அப்பா, நிரந்தர முகவரி கேக்கான். என்ன போட?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"காலியா விட முடியுமான்னு பாரு."

"விட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்கு."

அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "அப்பம் ஒன் ஹாஸ்டல் அட்ரஸையே போடுட்டி. நாங்களும் அதையே வச்சுக்கிடுதோம்" என்றார்.

விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் அடித்தேன். படிப்பு முடிந்ததால் இந்த மாதக் கடைசியில் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.