கொட்டகையில் கூட்டம் தெரிகிற படம் வேண்டும்

இவ்வளவு இரவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் யாழினி இப்போதுதான் தூங்கினாள்.

இன்று மாலை சங்கராபுரம் பஸ்ஸில், நம் பிள்ளைகள் ஆடும் நாடகக் கொட்டகையை நடத்தும் மல்லிகா அக்காவைப் பார்த்தேன். மழையில் கூரை போனதிலிருந்து கொட்டகை பூட்டியே கிடக்கிறது. டிக்கெட் போடாமல் நடத்துகிற இது மாதிரி அரங்குகளுக்கு அரசு நிவாரணம் தருகிறதாம். அது விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“இன்னா சொன்னாங்கக்கா?”

“ஜனங்க உக்காந்து பாக்கற போட்டோ கேக்கறாங்கம்மா. பழைய கூரையும் தெரியணுமாம். எங்கிட்ட இருக்கறதெல்லாம் ஆடறவங்க படம்தான். பாக்கறவங்கள யாரு புடிச்சா? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.”

அப்போது யாழினி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எப்ப ஆடலாம்?”

நாலு வயதாகியும் வீட்டுக்கு வெளியே வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று நான் கவலைப்படாத நாளில்லை. பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில், அவளாகவே கேட்டாள்.

அக்கா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “மேல கூரை வரட்டும் கண்ணு. மொத ஆட்டம் உன்னுதுதான்.”

வீட்டுக்கு வந்ததும் போனைத் துழாவினேன். படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவள் முகம் மட்டும்தான். அவ்வளவு ஜூம் பண்ணியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளை நீங்களும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள். ஆனாலும் யாருக்காவது கை தவறி, கூட்டமும் கூரையும் சேர்ந்து பதிந்த படம் ஒன்று இருக்கும். தேடிப் பார்த்து, சீக்கிரம் பதில் போடுங்கள்.