முதலில் ஓரத்துக் கணினியில்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி வரைக்கும் சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பதவியின் பெயர் பெரிதாக இருக்கும். வேலை என்னவோ பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பதிலிருந்து எல்லாம்தான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. என் மேசையில் உட்கார்ந்தபடியே கல்லூரியிலுள்ள அத்தனை பிரவுசர்களுக்கும் உத்தரவு போடலாம். பாலிசி என்போம். கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கக் கூடாது, பாதுகாப்பில்லாத தளம் என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது, இப்படி. நான் ஒரு பட்டனைத் தட்டினால் முதல்வர் அறைக் கணினி வரைக்கும் கீழ்ப்படியும். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. அதனாலோ என்னவோ, இந்த அதிகாரம் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது.

எவ்வளவு ஏறியிருந்தது என்றால், ‘வெளியில் உள்ள பிரவுசிங் சென்டர்களில் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்கு வாருங்கள்’ என்று ஒரு நோட்டீஸ் அடித்து பக்கத்து ஊரான மேலகரம் வரைக்கும் ஒட்டியிருந்தேன். கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நடக்கும் நாட்களில் எங்கள் ஆய்வகத்தை மதியம் மூன்று முதல் ஐந்து வரை வெளியார்க்கும் இலவசமாகத் திறந்து வைப்போம். அதற்குத்தான் அந்த நோட்டீஸ். மேலகரத்தில் நான்கு கணினிகளோடு ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் நடத்தும் அக்கா ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்து, இந்த பாலிசி எல்லாம் அவர் கடையிலும் போட முடியுமா என்று கேட்டார். அதெல்லாம் பெரிய இடங்களுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு புது பாலிசி தயாராக இருந்தது. எல்லாக் கணினிகளும் சர்வர் அறையில் இருக்கும் ஒரே ஒரு இயந்திரத்தின் வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும், அதை யாரும் மாற்ற முடியாது என்பது உத்தரவு. இப்படி ஒன்றைப் போட்டால் முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டு இரண்டு நாள் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அது பாலபாடம். ஆனால் அந்த நேரம் பார்த்து, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுகிறது, வேன் கிளம்புகிறது என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. நல்ல தண்ணீர் விழுகிறது என்று கேட்டபிறகு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்க முடியாது. அவசர அவசரமாக அந்த இயந்திரத்தின் எண்ணை அடித்தேன். எல்லாக் கணினிகளுக்கும் என்று தட்டினேன். துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மூன்று மணிக்குத் தலையில் அருவிக்கரையில் தேய்த்துக் குளித்த எண்ணெயின் வாசனையோடு திரும்பி வந்தபோது ஆய்வக வாசலில் ஒரு அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். திருவேங்கடம் பக்கத்து ஊர்க்காரர்கள், மானாவாரி விவசாயம். மழை பெய்தால்தான் விளைச்சல். பள்ளிப் படிப்பை முடித்த அந்தப் பெண், கலந்தாய்வில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மதிப்பெண் பட்டியல் நனையாமலிருக்க ஒரு துணிக்கடை கவரில் போட்டு, கவரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

முதல் கணினியில் பக்கம் திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஐந்தாவது கணினியில் எனக்கு வியர்த்துவிட்டது. காகிதத்தில் குறித்து வைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஒரு இலக்கம் தப்பு. இல்லாத ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று அத்தனை கணினிகளுக்கும் உத்தரவு போட்டுவிட்டு அருவியில் தலையைக் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கொடுமை, உத்தரவைத் திருத்தினாலும் அந்தத் திருத்தம் அதே வாசல் வழியாகத்தான் கணினிகளுக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து கையால் மாற்றும் வசதியையும், மாணவர்கள் விளையாடுகிறார்கள் என்று போன மாதம்தான் மூடியிருந்தேன். அதைத் திறப்பதென்றால் ஒரு கணினிக்கே இரண்டு மணி நேரமாவது ஆகும். என் மடிக்கணினிக்கும் அதே கதி. செல்போனில் முயன்றோம். மலையில் மேகம் இறங்கிய நாளில் ஒரு கோடு சிக்னல். கல்லூரிப் பட்டியல் பாதி வந்து சுற்றிக்கொண்டே நின்றது.

அந்த அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். நெட் வரவில்லை, லைன்காரர்களின் கோளாறு என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். அதை இன்று எழுதும்போதுதான் கூசுகிறது.

மணி மூன்று ஐம்பது. மேலகரத்து அக்கா கடையைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. ஆட்டோவில் ஏறினோம். சீசன் கூட்டம், வண்டிகள் நகரவில்லை. அந்த அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

“எங்கூர்லயே கடை இருக்கு சார். கடையில பாஸ்வேர்டு குடுக்கப்படாது, காலேசுக்கு வாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்காவன்னு இங்க படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னா. அதான் ரெண்டு பஸ்ஸு மாறி வாறோம்.”

நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் ஆட்டோக்காரரின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் இறங்கி, சாரலில் நடந்தோம். நடந்தோம் என்ன, ஓடினோம்.

கடைக்குள் நுழைந்தபோது நாலு இருபது. அந்த அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“நோட்டீஸ் ஒட்டுன சாருதான?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். இன்னொரு நாற்காலியை எனக்கும் போட்டார்.

பிறகு நான் பார்த்தது எல்லாம் எனக்குப் பாடம். கடவுச்சொல் அடிக்கும்போது அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாவின் பட்டன் போனுக்கு ரகசிய எண் வந்தது. அவர் சத்தமாக வாசிக்கப் போனார். அக்கா தடுத்து, போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். பிரவுசரின் மூலையில், இது நிர்வாகியின் கட்டுப்பாட்டில் உள்ளது என்று, பாலிசி போட்ட பிரவுசரில் மட்டுமே வரும் வரி இருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. கடவுச்சொல் சேமிப்பு அடைத்திருந்தது. பிரவுசரை மூடினால் தடயமெல்லாம் தானாக அழியும்படி இருந்தது. நான் சொல்லித்தராததை, வளைகுடாவில் கணினி வேலை பார்க்கும் தன் கணவரிடம் வீடியோ காலில் கேட்டுக் கேட்டு அவரே செய்திருக்கிறார்.

அந்தப் பெண் பதினெட்டுக் கல்லூரிகளை வரிசையாக அடுக்கி, இரண்டு முறை சரிபார்த்து, அனுப்பும் பட்டனைத் தொட்டபோது நாலு நாற்பத்தாறு. பதிவாகிவிட்டது என்று திரையில் வந்தது. அவள் கவரை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது மழைத்தண்ணீர் இல்லை.

ஓரத்தில் ஒரு கணினி மட்டும் யாரும் உட்காராமல் இருந்தது. பழுதா என்று கேட்டேன்.

“பழுதுல்லாம் இல்ல சார். புதுசா எது போட்டாலும் மொதல்ல அதுலதான் போடுவேன். ரெண்டு நாளு பாத்துட்டுத்தான் மத்ததுக்கு. நம்பி வாறவங்களுக்குப் பக்கம் தெறக்கலன்னா, அவங்க முன்னால நிக்க வேண்டியது நாந்தான?”

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அன்று நான் போட்ட பாலிசி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்து குத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெளியே வந்ததும் அந்த அம்மா, நீங்கள் மட்டும் கூட்டிவராவிட்டால் என் பிள்ளையின் படிப்பு என்ன ஆகியிருக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. லைன் கோளாறு இல்லையம்மா, பாதுகாப்புக்கென்று நான்தான் பூட்டினேன், தப்பாகப் பூட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். கும்பிட்ட கை இறங்கியது.

“கெணத்த மூடி வைக்கணுந்தான் சார். இல்லன்னா புள்ளைக விழுந்துரும். ஆனா தண்ணிக்கு வாறவளுக்குத் தெறக்குதான்னும் பாக்கணும்லா?” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “ஏட்டி, நட. அஞ்சே கால் பஸ்ஸ விட்டுரக் கூடாது” என்று கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு பகலாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கணினிகளாகத் திறந்துவிட்டுச் சரிசெய்தேன். திங்கட்கிழமை முதல்வரிடம் நடந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாலையில் மேலகரம் போய் நான் ஒட்டிய நோட்டீஸ்களை என் கையாலேயே கிழித்தேன். அக்கா கடை எதிரே இருந்ததைக் கிழிக்கும்போது அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நல்லா ஊறியிருக்கும், சுலபமாக வரும் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. அக்கா கடைக்குத்தான் முதலில் போன் பண்ணிச் சொன்னாளாம். அதுதானே முறை.

இப்போது எங்கள் ஆய்வகத்திலும் ஓரத்தில் ஒரு கணினி யாரும் உட்காராமல் இருக்கிறது. ஐந்தருவியில் எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் சரி, புது உத்தரவு எதுவானாலும் முதலில் அதில்தான் போடுகிறேன். இரண்டு நாள் கழித்து மற்றவற்றுக்கும் தட்டப் போகும்போது, துணிக்கடை கவரை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் வாசலில் நிற்பதுபோல இருக்கும். அவளுக்குக் கதவு திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் என் விரல் அந்தப் பட்டனில் இறங்குகிறது.