தப்பான இடத்தில் தட்டிய கை

எங்கள் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் அது ஒன்றுதான். திருவிழா மேடையில் பளபளவென்று சட்டை போட்ட ஒருவர் மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடுவார். ஜனம் விசிலடிக்கும். அந்த ஒரு வார்த்தையால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் சின்னதாக ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். புண் கழுவிக் கட்டுவேன், மருந்து எடுத்துக் கொடுப்பேன். என் கை சுத்தம் சிஸ்டருக்குப் பிடித்துப்போய், அவரே அலைந்து சேலத்தில் எனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தகரப் பெட்டியில் துணிமணியெல்லாம் அடுக்கி முடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அப்பா எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து நிற்கிறார்.

அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "வந்து பாக்கட்டும். அவங்க வேணாம்னுட்டா நீ பொட்டியத் தூக்கிக்கினு சேலம் போ. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

என்னை வேண்டாம் என்று சொல்ல வைப்பது பெரிய வித்தையா என்ன? வெடுக்கென்று நாலு பதில் சொன்னால் போதும். அதில் எனக்குப் பயிற்சி தேவையே இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கச்சேரி. தன் ஊரிலிருந்து பாண்டிச்சேரிக்கு வாசிக்க வந்திருந்த குழுவை, மலை ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட இங்கேயும் ஒருநாள் சிஸ்டர் கூட்டி வந்திருந்தார். அவர்கள் ஊர்ச் சாஸ்திரிய சங்கீதம்; அதற்கும் ஆர்கெஸ்ட்ரா என்றுதான் பேர். அப்பா காதில் ஆர்கெஸ்ட்ரா என்பது மட்டும்தான் விழுந்தது. "பொண்ணு பாக்க வந்த மாதிரியும் இருக்காது, பாத்த மாதிரியும் இருக்கும்" என்று மாப்பிள்ளை வீட்டாரை அங்கேயே வரச் சொல்லிவிட்டார்.

அது இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம். எந்த நேரத்தில் எந்தப் புளியமரம் ரோட்டில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மதியம்வரை பஸ் ஓடியது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பஸ்ஸை நான் மனசுக்குள் திட்டினேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. சத்தம் வரக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். வாசிக்கிறவர்களின் காகிதம் பறக்குமென்று மின்விசிறியும் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு, உதட்டில் விரலை வைத்தபடி சிஸ்டர் வாசலிலேயே நின்றார். ஒண்ணுக்குப் போகக்கூட யாரும் அசைய முடியாது. எனக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா, அவருக்கு அப்பால் மாப்பிள்ளை. பட்டுப்புடவைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

"பாடறவங்க எங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா என் காதில் கேட்டார்.

"யாரும் பாட மாட்டாங்க" என்றேன் வெடுக்கென்று.

"அய்ய, அப்பறம் இன்னாத்துக்கு இத்தினி பேரு? அந்தாளு ஏன் குச்சிய வெச்சிக்கினு எல்லாரையும் மெரட்டறாரு?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

வாசிக்கப்போவது நாலு பாகம் என்று சிஸ்டர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவார்கள். அங்கே கைதட்டக் கூடாது. நாலும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

முதல் பாகம் தடதடவென்று ஓடி நின்றது. அந்த நிசப்தத்தில் படபடவென்று ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஆபீசர் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. சிஸ்டர் முறைத்தார். பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா அவர் தொடையைக் கிள்ளி, "சும்மா கெடடா, மானம் போவுது" என்றார். மனுஷன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

இரண்டாம் பாகம் மெதுவாகப் போயிற்று. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு வாசிப்பில் மனசு நிற்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஊரில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கைதட்டாவிட்டால்தான் தப்பு. அதை வைத்து இப்படி ஒரு சிரிப்பா?

அந்தப் பாகமும் நின்றது. பின்வரிசையில் ஒருத்தன் அடங்கிய குரலில், "தட்டுப்பா, தட்டு!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் என் கை தட்டத் தொடங்கிவிட்டது. பளார் பளாரென்று, அந்த ஹால் முழுக்கக் கேட்கத் தட்டினேன்.

சிஸ்டர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். அப்பா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு, என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் புள்ளைய வுட்டுக்குடுக்கல பாரேன்" என்றார் அப்பாவிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய்! கையை உருவப் பார்த்தேன். அந்த அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் பாகம் முழுக்க, நாலாம் பாகம் முழுக்க என் கை அவர் மடியில் வியர்த்துக் கிடந்தது. எல்லாம் முடிந்து ஹாலே எழுந்து நின்று கைதட்டியபோது, தட்டாமல் நின்றது நான் ஒருத்திதான். தட்ட எனக்குக் கை இல்லை.

வெளியே வந்தால், தியாகதுருகம் தாண்டி மரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ் கிடையாது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார்கள். மறுநாளும் பஸ் இல்லை. எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மாதான் பேச்சை எடுத்தார். "பொண்ணே தட்டிடுச்சு. அப்பறம் நாம தட்டு மாத்தறதுக்கு இன்னா யோசன?"

"பாவமேன்னு தட்டினேம்பா" என்று அப்பாவிடம் அழுதேன்.

"அவங்க வேணாம்னு சொன்னாதான சேலம்? சொல்லலியே" என்றார். தட்டை மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலை வாங்க மட்டும் எப்படியோ வழி கிடைத்தது. திங்கட்கிழமை வந்தது, போனது. சேலத்துக்கு அடுக்கி வைத்த பெட்டி அப்படியே எலவனாசூர்கோட்டைக்குப் போயிற்று.

மறு வருஷம் உளுந்தூர்பேட்டையில் மறுபடியும் மறியல். நானும் என் வீட்டுக்காரரும் நகராத பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தோம். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. ஜன்னலோரம் நான். பொழுது போகாமல் அவர் கேட்டார்: "அன்னிக்கு நீ எதுக்குத் தட்டுன?"

"எல்லாரும் சிரிச்சாங்க. பாவமா இருந்துச்சி."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா?"

முன்சீட்டுக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பெங்களூர்ல வேல சொல்லியிருந்தாங்க. அம்மா வுடல. பொண்ணப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டுக் கெளம்பிடலாம்னுதான் வந்தேன். அத்தினி பேருல நீ ஒருத்திதான் எனக்காவத் தட்டுன. உனக்கு நம்மளப் புடிச்சிப்போச்சின்னு நெனச்சிக்கினேன். அப்பறம் எந்த வாயால வேணாம்னு சொல்றது?"

எழுந்து இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வழியில் அவருடைய முழங்கால், அதற்கப்பால் ஜனம், அதற்கப்பால் லாரி.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றேன்.

"நீயும்தான் தட்டாம இருந்திருக்கலாம்" என்றார்.