நாக்கை நீட்டச் சொன்ன வெல்டர்

சவுதியில் அல் கோபார் தொழிலாளர் கேம்பில் எங்களோடு இருந்த வெல்டர், மலேசியாவின் பினாங்குச் சீனர். தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார். ஒல்லியான உடம்பு, புருவத்தில் தீப்பொறி பட்ட தழும்பு. கொளுத்தும் வெயிலிலும் வெந்நீர்தான் குடிப்பார்.

எனக்கு ஐந்து மாதமாகச் சாப்பிட்டது எதுவும் செரிக்கவில்லை. மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரு மதியம் அவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார்.

"நாக்கு ஓரமெல்லாம் பல் தடம். மண்ணீரலுக்குப் பலம் இல்ல தம்பி. எங்க வைத்தியத்துல சோத்தைச் செரிக்க வைக்கிறது அதுதான். ஐஸ் தண்ணியும் ஆகாது, கவலையும் ஆகாது. சாப்பிடுறப்போ என்ன நினைப்ப?"

"என் பொண்ணைத்தாண்ணே. நான் இங்க வந்தப்புறம் பொறந்தா. இன்னும் பார்க்கல."

மறுநாளிலிருந்து இஞ்சியும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, "தவழுறாளா? பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடிதத்தில் படித்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் வயிறு சரியானது.

காண்ட்ராக்ட் முடிந்து அவர் போய்விட்டார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.