சேட்டை என்று கேட்ட சொல்

திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். ஒடிசாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. என் பக்கத்து மேசைக்காரனும் ஒடியாக்காரன்தான். அரைகுறைத் தமிழ் பழகியிருந்தான். தெரியாத இடத்தில் தன் மொழிச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றுவான்.

ஒருநாள் மதியம், செக்கிங்கில் இருந்த திருநெல்வேலிப் பெண் அவனிடம் ஒரு டி-ஷர்ட்டை நீட்டினாள். "தம்பி, இந்தச் சுருக்கம் போவுமா, பாரு."

"சேஷ்டா பண்றேன் அக்கா" என்று சிரித்தான்.

கட்டிங்கிலிருந்து பண்டலோடு வந்த அவள் அண்ணன் காதில் அது சேட்டை என்று விழுந்தது. "ஏலே, எந் தங்கச்சிட்டயே சேட்டை பண்ணுவியோ?"

கையிலிருந்த இரும்பு ஸ்கேலால் காதோடு சேர்த்து அடித்தார். வெள்ளைப் பனியன்கள் மேல் ரத்தம் தெறித்தது. கீழே விழுந்தவனை நெஞ்சில் மிதித்தார்.

"அண்ணே, விடு! அவன் தப்பா ஒண்ணுஞ் சொல்லல!" என்று தங்கை குறுக்கே விழுந்தாள். அவளையும் தள்ளிவிட்டு, சூடான அயர்ன் பாக்ஸைத் தூக்கினார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைத் திருகினேன். பாக்ஸ் என் முழங்கையில் உரசி இறங்கியது. என் தோல் வேகும் வாடை எனக்கே அடித்தது. அதற்குள் நாலு பேர் வந்து அவரை அமுக்கினார்கள்.

முதலாளி ஓடி வந்தார். "ஏனுங்க, என்னுங்க இது? அப்படி என்னதான் சொன்னானுங்க அவன்?"

ஒடியாக்காரர்களை அழைத்துவந்த மேஸ்திரிக்கு இரண்டு மொழியும் தெரியும். "அவங்கூர்ல சேஷ்டான்னா முயற்சிங்க. முயற்சி பண்றேன்னு சொல்லியிருக்கானுங்க."

"பொய் சொல்லுதான்" என்றார் அண்ணன்.

பொய்யில்லை. பிற்பாடு அகராதியில் பார்த்தேன். இரண்டும் ஒரே வடசொல்தான். உடம்பின் அசைவு, செய்கை என்பதே மூலப்பொருள். அவர்கள் பக்கம் அது முயற்சியாகிவிட்டது. நம்மிடம் குறும்பாகி, பெண்களிடம் செய்யும் வம்பாகவும் ஆகிவிட்டது.

மறுநாள் மாலை, அடிபட்டவனின் கூட்டாளிகள் அண்ணனைப் பஸ் ஸ்டாப்பில் மடக்கி பெல்ட்டால் விளாசினார்கள். முன்பற்கள் உடைந்தன. முதலாளி இரண்டு தரப்பையும் வேலையை விட்டு நிறுத்தினார்.

கைக்கு மருந்து கட்டப் போன நான், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவன் கட்டிலருகே நின்று, "எங்கண்ணனை மன்னிச்சிரு தம்பி" என்றாள். அவன் அசையவில்லை. கட்டுப்போட்ட காது அவள் நின்ற பக்கம் இருந்தது. அதில் இனி கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் சுற்றிவந்து மறுபடி சொன்னாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டுப் பிரித்ததும் ஊருக்கு ரயிலேறியவன், அப்புறம் திருப்பூர்ப் பக்கம் வரவேயில்லை.